எட்டு அங்குலம்

முழங்கால் இரண்டும் விண்விண்ணென்று தெறிக்க, பழனிமுத்து கல்லுக்குழியிலிருந்து தொண்ணூறு படி ஏறி மேலே வந்தான். அளவுக் கம்பியைச் சாக்குத்துண்டால் நுனிவரை துடைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

"எவ்வளவு?" என்றார் தருமலிங்கம்.

"எட்டு அங்குலங்க. இந்தக் கருமம் என்னைக்குத்தாங்க முடியும்? காலு ரெண்டும் போச்சு."

"ரெண்டடி போகவேணும். அதுவரைக்கும் பொறும்."

தருமலிங்கம் கொழும்புத் திணைக்களம் ஒன்றின் ஆராய்ச்சியாளர், ஊர் பருத்தித்துறை. வெடிமருந்துக்கு முன்னால் உலோகக் கூம்பு வைத்தால் வெடியின் வேகம் ஒரே இடத்தில் குவிந்து கல்லைத் துளைக்கும். செம்புக் கூம்பு துளை மட்டும்தான் போடும். இவர் கொண்டுவந்தவை அலுமினியத் தூளை அழுத்திச் செய்தவை. அவை துளைக்குள் போய்த் தாமும் எரிந்து கல்லைப் பிளக்க வேண்டும்.

கூம்புகள் பன்னிரண்டு. நாளுக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு கலவை, ஒவ்வொன்றுக்கும் ஒரு புதுக் கல். பன்னிரண்டும் தவறினால் ஆராய்ச்சியை மூடிவிட்டு அவரைக் கந்தோரில் கோப்பு பார்க்கும் மேசைக்கு அனுப்பிவிடுவார்கள். இன்றைக்குப் பதினோராவதும் போயிற்று.

இளம்பிள்ளைவாதம் வந்த காலோடு அவரால் படி இறங்க முடியாது. கல்லை வைத்த இடமோ பாறைக் குடைவு, மேலிருந்து தெரியாது. பழனிமுத்து சொல்வதுதான் கணக்கு.

மத்தியானம் இருவரும் தகரக் கொட்டகையில் ரொட்டியும் கட்டச்சம்பலும் தின்றார்கள்.

"உம்மட மனுசி கடிதம் போட்டவவோ?" என்றார் தருமலிங்கம்.

"இந்தியாவுல மண்டபம் கேம்புல எறங்குனதும் ஒண்ணு வந்துச்சுங்க. ரெண்டு வருசமாச்சு. அவளுக்கும் புள்ளைங்களுக்கும் இந்தியா பாஸ்போட்டு கெடச்சுச்சு, எனக்குக் கெடக்கல." பழனிமுத்து ரொட்டியைப் பிய்த்தான். "அத விடுங்க. நேத்து பாதியில நிறுத்துனீங்களே, ஒங்க சித்தப்பா தோணி கவுந்த கத."

"தோணிதான் கவிழ்ந்தது. சித்தப்பா மிதந்தார். வயிறு அப்பிடி."

பழனிமுத்து கண்ணில் நீர் வரச் சிரித்தான். "பொறகு?"

"நேரம் போகுது காணும்."

"போகட்டுங்க. எனக்கென்ன, லயத்துக் காம்பராவுல ஆளா காத்துக்கிட்டிருக்கு?"

மறுநாள் பன்னிரண்டாவது கூம்பு. பழனிமுத்து தொழிலாளர் வரிசைவீடான லயத்தைப் பார்த்து மூன்று முறை "வெடி" என்று கத்தினான். லயத்திலிருந்து பதில் குரல் வந்த பிறகே வெடிக்க வேண்டும் என்பது தோட்டத்து வழக்கம். பத்துக் காம்பராவில் ஒன்பது, ஆட்கள் இந்தியாவுக்குப் போய்விட, பூட்டிக் கிடந்தன. பத்தாவது அவனுடையது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பதிலையும் அவனே கத்தினான்.

தருமலிங்கம் பொத்தானை அழுத்தினார். மலை ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. புகை கலைந்ததும் பழனிமுத்து இறங்கினான். வெகுநேரம் கழித்து ஏறி வந்தான்.

"எட்டுதாங்க."

தருமலிங்கம் எட்டு என்று எழுதிக் கொப்பியை மூடினார். கருவிகளைப் பெட்டியில் அடுக்கி, அதன் மேலேயே உட்கார்ந்தார். புளத்கொகுபிட்டிய பஸ் நாலு மணிக்கு.

"மூண்டு வருசம்," என்றார், குழியைப் பார்த்தபடி. "எங்க பிழைவிட்டனான் எண்டு தெரியேல்லை. அது தெரிஞ்சாலாவது மேசையில போய்ப் பேசாமல் இருப்பன்."

அவர் எழுந்ததும் பழனிமுத்து பெட்டியைத் தலையில் ஏற்றினான். பஸ் ரோட்டைப் பார்த்து நாலடி நடந்தான். பிறகு பெட்டியை இறக்கி வைத்தான்.

"நீங்க எங்கயும் தப்பு பண்ணலைங்கய்யா. மூணாவது நாளே கல்லு ரெண்டா பொளந்துருச்சு. சொல்லியிருந்தா அன்னைக்கே பஸ்ஸு ஏறியிருப்பீங்க."

தருமலிங்கம் கொப்பியைத் திறந்து மூன்றாம் நாள் பக்கத்தைத் தேடினார்.

"ஒம்பது நாளு நான் ஒங்களுக்குக் கடன்."