நூலில் தொங்கிய மயில்துத்தம்

வேதியியல் ஆசிரியை ஜெபராணி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன பதினோராம் நாள்தான், சன்னலில் அவள் வைத்திருந்த கண்ணாடிக் குவளை அவள் கணவன் தங்கதுரையின் கண்ணில் பட்டது. நீலக் கரைசலுக்குள் நூலில் கட்டித் தொங்கவிட்ட மயில்துத்தப் படிகம், புளியங்கொட்டை அளவு. நான்கு மாதமாக வளர்த்து வந்தாள். "இங்க வந்து பாருங்களேன்" என்று அவள் கூப்பிட்டபோதெல்லாம் அவன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கியதில்லை. இப்போது நீர் வற்றிப் படிகத்தின் தலை வெளியே தெரிந்தது. வாடிவிடுமோ என்று பதறி, செம்பில் குடிதண்ணீர் கொண்டுவந்து குவளை நிறைய ஊற்றினான். மூன்றாம் நாள் வெறும் நூல்தான் தொங்கியது.

அவளுக்குப் போன் செய்தான். "தண்ணி கொறஞ்சிருந்துச்சு. ஊத்திட்டேன்."

"அதே கரைசலத்தான் ஊத்தணும். வெறுந்தண்ணின்னா கரைஞ்சிரும்."

"இனி வராதா?"

"எங்கயும் போகலியே, அந்தத் தண்ணிக்குள்ளதான இருக்கு. மூடாம வைங்க. ஆடாம இருக்கணும். மெல்லத்தான் வரும்."

எத்தனை நாளாகும் என்று அவன் கேட்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினான். நாற்காலியைச் சன்னலருகே இழுத்துப்போட்டு உட்கார்ந்து, வியர்வை வழிய, நூலின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தான்.