பாஞ்சாலிக்குப் பரீட்சை

"அய்யா, நீங்க வாயசைச்சுக் காட்டக் கூடாதுங்க. அம்மாவாத்தான் சொல்லணும்."

பூவிழி அதட்டியதும் தீர்த்தகிரி வாயைப் பொத்திக்கொண்டார். காப்பியடித்து மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஒரு முழி.

நடமாட்டம் குறைந்து வீட்டோடு இருக்கும் முதியவர்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, குளிக்க வைத்து, கைபிடித்து நடக்கப் பழக்கும் சேவை மையத்துப் பெண் பூவிழி. வாராவாரம் வருவாள். இன்று வந்தது, தீர்த்தகிரியின் மனைவி பாஞ்சாலியின் ஞாபகசக்தியைச் சோதிக்க.

போன மாதம் பாஞ்சாலி தன்னந்தனியாக நடந்து, லாரிகள் பறக்கும் தொப்பூர் ரோட்டுக்கே போய்விட்டாள். பெங்களூரில் இருக்கும் மகன் மாதவராஜ் பயந்துபோனான். "ஞாபகம் சுத்தமாப் போயிருச்சுன்னா அம்மாவ இங்க ஒரு ஹோம்ல சேத்துரலாம்ப்பா. நீங்க எங்ககூட வந்துருங்க" என்று சொல்லிவிட்டான்.

இந்த வயதில் ஆளுக்கொரு திக்காகப் பிரிவதா? தீர்த்தகிரிக்கு மனசே ஒப்பவில்லை.

"அம்மா, இன்னிக்கி என்ன கிழமைங்க?"

பாஞ்சாலி யோசித்தாள். "சந்தைக்குப் போவணும்."

"பாத்தியாம்மா! இன்னிக்கித்தான் சந்தை. சரியாச் சொல்லிட்டா, மார்க்கு போட்டுக்க!" என்று குதித்தார் தீர்த்தகிரி.

பூவிழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனால் போகிறதென்று போட்டுக்கொண்டாள்.

"முன்னாடி மூணு பொருள் சொன்னனே, ஞாபகம் இருக்குதுங்களா?"

மாம்பழம், சாவி, குடை. தீர்த்தகிரியின் நாக்கு நுனியில் மூன்றும் துடித்தன.

"மாங்கா..." பாஞ்சாலியின் முகம் மலர்ந்தது. "செந்தூரா. மாட்டு வண்டில மண்டிக்கு ஏத்திக்கிட்டுப் போனமா, நல்லம்பள்ளி தாண்டறதுக்குள்ள மழை புடிச்சிருச்சு. ஒரே கோணிக்குள்ளாற ரெண்டு பேரு! மாடு வேற திரும்பித் திரும்பிப் பாக்குது!"

சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள்.

தீர்த்தகிரிக்குக் கண் கலங்கியது. கல்யாணமான புதிது அது. கோணியை அவர் பக்கமே இழுத்து இழுத்து விட்டுவிட்டு, அவள் தொப்பலாக நனைந்தாள். மறுநாள் காய்ச்சலில் கிடந்தபோதும் அந்த மாட்டைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்த நாளெல்லாம் எங்கே போயிற்று!

"சரிங்கம்மா, மத்த ரெண்டு பொருளு?"

சாவியும் வரவில்லை, குடையும் வரவில்லை. பூவிழியின் முகம் வாடியது.

"இன்னும் ஒரே கேள்விதாங்கய்யா. இதுவும் வரலைன்னா உங்க மகன்கிட்ட நான் என்னத்தச் சொல்றது?" என்றவள், தீர்த்தகிரியைக் கைகாட்டினாள். "அம்மா, இவரு யாருங்க?"

தீர்த்தகிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிற சாமியையெல்லாம் கும்பிட்டார். பாஞ்சாலி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"தீர்த்தகிரி" என்றாள். துளிகூடத் தடுமாற்றமில்லை.

"அட, பேரோடவே சொல்லிட்டாங்களே!" பூவிழி கைதட்டினாள். "கவலைய விடுங்கய்யா. அம்மா வூட்டுலயே இருக்கட்டும். உங்க மகன்கிட்ட நான் பேசறேன்."

கேட்ட வரம் கிடைத்துவிட்டது. ஆனால் தலையை மட்டும் ஆட்டிய தீர்த்தகிரியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால்கூடத் தீர்த்தமலை இருக்கும் திசையைக் கைகாட்டி வெட்கப்படுவாளே தவிர, தாலி ஏறிய நாளிலிருந்து புருஷன் பெயரை ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னவளில்லை பாஞ்சாலி. இன்று சொல்லிவிட்டாள், யாரோ ஒரு ஆளின் பெயரைச் சொல்வதுபோல.