டேப்பில் விழுந்த பிறை

“பவரைக் கூட்டு ஆத்தா! மேகமலை எஸ்டேட்டுலருந்து தகடு கேட்டு ஆளு வந்து நிக்கிது!”

முதலாளி கர்ணன் சத்தம் போட்டார். ஆனாலும் தகடு வெட்டும் லேசர் மெஷினின் பவரைக் கயல் கூட்டவில்லை.

“மாட்டேண்ணே. இந்த டேப்பப் பாருங்க.”

காலையில் வழக்கம்போல மெஷினில் ஒளி வெளியே வரும் நாசில் வாயில் டேப்பை ஒட்டி, குறைந்த பவரில் லேசரை ஒரே ஒரு தடவை அடித்துப் பார்த்திருந்தாள். வட்டமாக விழவேண்டிய ஓட்டை பிறை மாதிரி விழுந்திருந்தது.

“நேத்து நல்லாத்தான வெட்டுச்சு? சாயங்காலம் நீதான ஸ்க்ரூவத் திருகுன? மெஷினு வாங்கி பத்து நாளாகல. என்ஜினியர் வரட்டும். ஒன்னாலதான் கெட்டுச்சுன்னாக்க, இன்னியோட வேலையவிட்டு நின்னுக்க!”

ஒளியை நடுவுக்குக் கொண்டுவர கயல் ஸ்க்ரூவைத் திருகியது நிஜம்தான். அதிலா பிசகிவிட்டது? அனுமந்தன்பட்டியிலிருந்து லேசர் ஓட்டப் போகிற முதல் பெண் என்று வீட்டில் எவ்வளவு பெருமை! இப்படித் திரும்பிப் போனால் யார் முகத்தில் விழிப்பது?

மதியம் கோயம்புத்தூரிலிருந்து மெஷின் கம்பெனி என்ஜினியர் எபனேசர் வந்தார். ஸ்க்ரூவை அப்படியும் இப்படியும் திருகி, டேப் மாற்றி டேப் ஒட்டி அடித்துப் பார்த்தார். பிறை இடம் மாறியதே தவிர வட்டமாகவில்லை.

“பாத்தீகளா சார்? நாசமாக்கிட்டா!” என்று குதித்தார் கர்ணன்.

எபனேசர் கொலிமேட்டரைக் கழற்றினார். விரிந்து வரும் லேசர் ஒளியை நேராக்கி அனுப்புகிற லென்ஸ் அதற்குள்தான் இருக்கிறது. அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஓரத்தில் கன்னங்கரேலென்று ஒரு புள்ளி!

“கருகிப்போச்சா சார்?” கயலுக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். புள்ளி பஞ்சோடு வந்துவிட்டது.

“கருகியிருந்தா துடைச்சாப் போகாதும்மா. இது ஏதோ பிசுபிசுன்னு இருக்கு. நல்லவேளை, நீ பவரைக் கூட்டல. கூட்டியிருந்தா லென்ஸ் வெடிச்சிருக்கும். ஆமா, இந்த லென்ஸ் மூடியைத் திறந்தது யாரு?”

“சத்தியமா நான் திறக்கல சார்!”

எபனேசர் கர்ணனைப் பார்த்தார். காலையிலிருந்து ஆடித் தீர்த்த மனுஷன் மெல்லப் பின்னால் நகர்ந்தார்.

“நாந்தான் சார்...” என்றார் கர்ணன், தலையைச் சொறிந்துகொண்டே. “காலையில கடை தொறந்ததும், எம்மக கண்மையத் தொட்டு... வெளிய வச்சா பாக்குறவுக சிரிப்பாகளேன்னுதான் உள்ளுக்குள்ள வச்சேன், ஒரு திருஷ்டிப் பொட்டு!”