ஆமைத் தாத்தாவின் ஊர்வலம்

கார் தெருமுக்கில் திரும்பியதும் ட்ரம்பெட் சத்தம் கேட்டது.

நிதானமாக, இழுத்து இழுத்து. கூடவே ஒற்றை ட்ரம். டம்... டம்...

முன் சீட்டிலிருந்த தாய்மாமன் குஞ்சிதபாதம் சட்டென்று கையைத் தூக்கினார். டிரைவர் பிரேக்கை அழுத்தினார். பின் சீட்டில் பிரபுவின் அம்மா சாவித்திரி, மடியிலிருந்த பூத்தட்டை முந்தானையால் மூடினாள்.

இந்தத் திருக்காட்டுப்பள்ளி என்றில்லை, காவிரிக்கரையில் எந்த ஊரில் ட்ரம்பெட் இப்படி அழுதாலும் அதற்கு ஒரே அர்த்தம்தான். தெருவில் சாவு. பிணம் கிடக்கிற தெருவுக்குள் தட்டோடு போய் யாராவது பெண் பார்ப்பார்களா?

"வண்டியத் திருப்புப்பா," என்றார் மாமா. "ஜாதகம் சரியா அமையலன்னு நாளைக்குப் போன்ல சொல்லிக்கலாம்."

"யாருன்னாவது கேட்டுட்டு..." என்று இழுத்தாள் அம்மா.

"அதை வேற கேட்டுத் தெரிஞ்சுக்கணுமாக்கா?"

அம்மா பக்கத்திலிருந்த பிரபு முன் சீட்டை எட்டிப் பிடித்தான். இந்தத் தெரு வரைக்கும் வந்து சேர அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். தை மாதம் தஞ்சாவூர் விவசாயக் கண்காட்சியில், விதை ஆய்வகத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண், ஊரே பயப்படும் ஒரு மிராசுதாரிடம், "உங்க விதைநெல்லு பாதி முளைக்காதுங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னதைப் பார்த்தான். சொல்லிவிட்டு அவருக்கே ஒரு டம்ளர் மோர் வாங்கிக் கொடுத்தாள். அங்கேயே விழுந்துவிட்டான். பெயர் குந்தவை என்று விசாரித்து, தரகரைக் கைக்குள் போட்டுக்கொண்டு, ஏதோ தற்செயல்போல அவள் ஜாதகம் அம்மாவிடம் வந்து சேர ஏழு மாதம் ஆயிற்று.

இப்போது கார் ரிவர்ஸ் கியருக்குப் போகிறது.

அப்போதுதான் ட்ரம்பெட்டுக்குப் பின்னால் அந்தச் சின்ன சத்தம் கேட்டது. தகரப் பலகையைக் கரண்டியால் உரசுகிற சத்தம்.

அட!

கும்பகோணத்தில் பிரபு குழந்தைகளுக்கான பல் டாக்டர். அமெரிக்காவில் லூசியானா சதுப்பு நிலத்து ஆமைக் குடும்பம் ஒன்றைப் பற்றி ஒரு கார்ட்டூன் படம் வந்தது. படத்தோடு கூடவே, அந்த ஊர் வாத்தியங்களை வைத்துப் பிள்ளைகளுக்கென்றே தனியாக ஓர் ஆல்பமும் போட்டிருந்தார்கள். பன்னிரண்டு பாட்டு. கிளினிக்கில் நாள் முழுக்க அதுதான் ஓடும்.

சும்மா சொல்லக்கூடாது, எந்த மகராசன் போட்டானோ, நன்றாயிருக்கட்டும். ஊசியைப் பார்த்து வீரிடுகிற பிள்ளைகூட அக்கார்டியன் ஆரம்பித்ததும் தானாக வாயைத் திறக்கும். பிள்ளைகள் பாட்டுதானே என்று ஓரிடத்தில்கூட ஏனோதானோவென்று வாசித்திருக்க மாட்டார்கள். ட்ரம்பெட்காரன் மூச்சு வாங்குவதுகூடத் தாளத்தில் விழும்.

இது ஐந்தாவது பாட்டு. ஆமைத் தாத்தா செத்துப்போய்விட்டார் என்று எல்லாருமாகத் தூக்கிக்கொண்டு போவார்கள். பாதி வழியில் தாத்தா எழுந்து ஆட ஆரம்பித்துவிடுவார். முதல் ஒரு நிமிஷம் நாற்பது வினாடி அழுகை. அப்புறம் ஒரே கூத்துதான்.

"மாமா, ரெண்டு நிமிஷம் இருங்க. இது சாவு இல்ல. சின்னப் பிள்ளைங்க பாட்டு."

மாமா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "கல்யாண ஆசை இருக்க வேண்டியதுதான். அதுக்காக இப்படியா?"

பிரபு கதவைத் திறந்து இறங்கி, காருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். இனி ரிவர்ஸ் எடுத்தால் அவன்மேல்தான் ஏற்ற வேண்டும்.

வெயில் மண்டையைப் பிளந்தது. புதுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ட்ரம்பெட் விடாமல் அழுதது. இந்தப் பாட்டு இவ்வளவு நீளமா என்று முதல் தடவையாக அவனுக்கு ஆத்திரம் வந்தது. எந்த வீட்டுப் பிள்ளையோ, இதைப் போட இந்த நேரம்தானா கிடைத்தது?

ட்ரம் நின்றது. ட்ரம்பெட்காரன் மூச்சு வாங்கினான்.

பிறகு பாருங்கள், பாட்டு துள்ளிக்கொண்டு கிளம்பிற்று. அக்கார்டியன், தகரப் பலகை, கெக்கெக்கே என்று சிரித்தபடி கூட்டமாகப் பாடும் பிள்ளைகள். தெருவே ஆடுகிற மாதிரி இருந்தது. டிரைவரின் விரல் ஸ்டியரிங்கில் தாளம் போட்டது.

அம்மா தட்டின்மேல் இருந்த முந்தானையை எடுத்தாள். "எழவு வீட்ல பிள்ளைங்க இப்படிச் சிரிக்குமாடா?" என்று தம்பியைக் கேட்டாள்.

மாமா டிரைவருக்குக் கையைக் காட்டினார். கார் முன்னால் நகர்ந்தது.

கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது. குந்தவையின் அப்பாவும் மாமாவும் ஆற்றில் தண்ணீர் வருமா வராதா என்று பேசி அரை மணி நேரத்தில் சொந்தக்காரர்களாகிவிட்டார்கள். பிள்ளைகள் அஞ்சு நிமிஷம் தனியாகப் பேசட்டும் என்று மொட்டைமாடிக்கு அனுப்பினார்கள்.

மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு ஸ்பீக்கர் இருந்தது. அதன் வாய் தெருமுக்கைப் பார்த்திருந்தது. ஆல்பத்தின் கடைசிப் பாட்டு மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது.

"வெயில்ல இறங்கி நின்னீங்களே, பார்த்தேன்," என்றாள் குந்தவை.

"எங்க கிளினிக்ல தினமும் ஓடுற பாட்டுங்க. உங்க வீட்லயும் சின்னப் பிள்ளைங்க இருக்கா?"

"இல்லைங்க. நான்தான் போட்டேன். கார் முக்கு திரும்புனதும் போட்டுடுவேன், நின்னு கேக்குறவங்க மட்டும் உள்ள வரட்டும்னு." கொஞ்சம் தயங்கினாள். "இதுக்கு முன்னாடி மூணு கார் வந்துச்சு. மூணுமே அங்கேயே திரும்பிடுச்சு. மறுநாள் ஜாதகம் சரியில்லன்னு போன். அப்பாவுக்கு இன்னைக்கு வரைக்கும் விஷயம் தெரியாது."

கோபம் வர வேண்டிய இடம்தான். பிரபுவுக்கு வரவில்லை. என்ன மூளை இவளுக்கு என்று வாயைத் திறந்தபடி நின்றான்.

குந்தவை ஸ்பீக்கரை அணைத்தாள்.

"வாங்க, காபி ஆறிடும்," என்று சொல்லிவிட்டு முன்னால் இறங்கினாள்.