மூன்றாம் பிளக்கும் ரப்பர் குழாயும்

என்ஜினின் மூன்றாம் ஸ்பார்க் பிளக் மேல் பழியைப் போட்டது அநியாயம். நின்ற இடத்தில் வண்டி உதறியதும், அவளைக் குப்பையில் வீசச் சொல்லி உரக்கக் கத்தியது பக்கத்து ரப்பர் குழாய்தான்.

"பொறி போடத் துப்பில்லாதவள்! தூக்கிப் போடுங்க!"

மெக்கானிக் ஸ்பேனரை எடுத்துவிட்டார். ஆனாலும் அவள் விடவில்லை.

"என்னையும் முதல் பிளக்கையும் இடம் மாத்தி மாட்டுங்க. உதறல் என்கூட வந்தா நானே குப்பைக்குப் போறேன்!"

மாட்டிக் கிளப்பினார். முதல் இடத்தில் அவள் சீராகப் பொறி போட்டாள். மூன்றாம் இடம்தான் பழையபடி உதறியது. எல்லோரும் காதைத் தீட்டிக் கேட்டபோது, குழாயின் விரிசல் வழியே என்ஜினுக்குள் வேண்டாத காற்று புகுந்து 'உஸ்ஸ்' என்றது.

"அண்ணே, இந்த விரிசல் எத்தனை நாளா?"

குழாய் குரலைத் தாழ்த்தியது.

"மெதுவாப் பேசும்மா. நாம எல்லாரும் ஒரே வண்டிதானே?"