விடாத பழக்கம்

"இப்பத்தாம்மா ஆபீஸ்லேர்ந்து கிளம்பறேன். ஆமா, ஏசி ரூம்தான். சளியெல்லாம் ஒண்ணும் இல்லை."

கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியபடி, இரும்புப் பட்டறையில் கடைசல் வேலை பார்க்கும் லேத்காரன் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான். குடியை விட்டவர்களின் கூட்டம் முடிந்து மற்றவர்கள் போய்விட்டார்கள். அவன் நகக்கண்களில் பட்டறை எண்ணெய் இன்னும் கறுப்பாக இருந்தது.

தரையைப் பெருக்கிக்கொண்டிருந்த செக்கர் நிமிர்ந்தார். முன்பு பஸ்ஸில் டிக்கெட் பரிசோதித்தவர். குடித்து எல்லாவற்றையும் இழந்து மீண்டவர். இப்போது இந்தக் கூட்டத்தை நடத்துபவர் அவர்தான்.

"ஏசி ரூமா? உங்க பட்டறையில ஃபேனே பாதி நாள் சுத்தாதுன்னு நீதானே சொன்னே?"

லேத்காரன் பேச்சை முடித்துவிட்டுச் சிரித்து மழுப்பப் பார்த்தான். செக்கர் விடவில்லை. இங்கே இருப்பது ஒரே விதி, பொய் கூடாது. பொய் வந்தால் பின்னாலேயே பாட்டிலும் வரும், எத்தனை பேரைப் பார்த்தாயிற்று என்றார்.

லேத்காரன் மறுக்கவில்லை. குடித்த காலத்தில் தன் நாக்கு குழறினாலும் பொய் குழறியதில்லை என்றான். திங்கட்கிழமை சொன்னதை வெள்ளிக்கிழமை மாற்றாமல் சொல்வது, எதிரில் இருப்பவர் எதைக் கேட்க ஆசைப்படுகிறார் என்று கண்டுபிடிப்பது, எல்லாம் குடி போட்ட பிச்சை. குடியை விட்டாயிற்று, இதை மட்டும் விடுவதாக இல்லை.

"அத்தனை வருஷத்துல நான் உருப்படியா கத்துக்கிட்டது இது ஒண்ணுதான் செக்கர். இப்பத்தான் நல்ல காரியத்துக்கு ஆகுது."

"பெத்தவளை ஏமாத்தறது நல்ல காரியமா? இன்னைக்கு அவங்ககிட்ட ஒரு உண்மையாவது சொல்லு. இல்லேன்னா நாளைக்கு இந்தப் படி ஏறாதே."

லேத்காரன் முகம் சுருங்கிப்போனது. இந்தக் கூட்டம் இல்லையென்றால் சாயங்காலங்களை அவன் எங்கே கொண்டுபோய் வைப்பான்? பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் மதுக்கடையைத் தாண்ட அவனுக்கு வேறு வழி தெரியாது.

கைபேசி மறுபடி அடித்தது. அக்கா வீட்டில் இருக்கும் அம்மாதான். சற்றுமுன் பேசியதே அவளுக்கு மறந்திருக்கும். செக்கர் ஸ்பீக்கரைப் போடச் சொன்னார்.

"ஆபீஸ் விட்டாச்சாப்பா? மேனேஜர் ஒண்ணும் திட்டலையே?"

"நான்தானேம்மா மேனேஜர்."

அம்மா சிரித்தாள். பிறகு அவள் குரல் இறங்கியது. "உன் தம்பி எப்படிடா இருக்கான்? இன்னும் குடிச்சுட்டுத்தான் கிடக்கானா?"

லேத்காரன் நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"இல்லம்மா. விட்டுட்டான். இனிமே தொட மாட்டான்."

"அவன் சொன்னா நம்ப மாட்டேன். நீ சொல்றே, நம்பறேன்."

பேச்சு முடிந்ததும் செக்கர் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார்.

"உனக்கு ஒரு அக்கா, ஒரு அண்ணன்தானே? நடுவுல தம்பி எங்கேருந்து முளைச்சான்?"

"அந்த ஏசி ஆபீஸ் மேனேஜர் என் அண்ணன்தான். போன வருஷம் விபத்துல போயிட்டான். ரெண்டு தடவை அம்மாகிட்ட சொன்னோம். ரெண்டு தடவையும் அன்னைக்குத்தான் செத்த மாதிரி அழுது விழுந்தாங்க. மறுநாளே மறந்துட்டு, அவன்கிட்ட பேசணும்னு ஃபோனைக் கையில வச்சுக்கிட்டாங்க. அதான், அவன் குரல்ல நான் பேசறேன்." அவன் கடைசி நாற்காலியைத் தூக்கி அடுக்கின் மேல் வைத்தான். "அவங்க கேட்ட தம்பி நான்தான் செக்கர். அண்ணன் சொன்னது பொய்யாகாது."