விட்னியின் ஸ்வெட்டர்

ஒஹையோவில் எங்கள் கல்லூரிப் பெண்கள் சங்கத்தில் சேர வருகிறவர்கள், ஒரு வாரம் தினமும் ஐஸ் நிரப்பிய தொட்டிக்குள் தலையும் மூழ்கும்படி படுத்துக் கிடக்க வேண்டும். கடைசியாக எழுகிறவளுக்குப் பெரியக்கா விட்னி தன் ஸ்வெட்டரைக் கழற்றிப் போர்த்திவிடுவாள்.

நான் வந்ததற்கு முந்தைய வருடம் ஹேட்லி அந்தத் தொட்டியிலேயே செத்துப்போயிருந்தாள். நான் வந்த வருடமும் அவள் வந்து வரிசையில் நின்றாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கும் அது பெரிதாகப் படவில்லை. ஸ்வெட்டர் மறுபடியும் அவளுக்கே போனதில்தான் வயிறு எரிந்தது.

"அவளுக்கு மூச்சே வேண்டாமேக்கா, இது என்ன நியாயம்?"

"அவளைப் பாத்துக் கத்துக்கோடி. தண்ணி பட்ட பூனை மாதிரி துள்ளி எந்திரிக்கிற" என்று விட்னி சிரித்தாள்.

மறுநாள் தொட்டியிலிருந்து நான் எழவில்லை. மேலே முதலில் கைதட்டினார்கள். பிறகு என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். விட்னியின் குரல்தான் உரக்கக் கேட்டது. அது போதும் என்றிருந்தது.

அடுத்த செப்டம்பரில் புதுப் பெண்களோடு நானும் போய் வரிசையில் நின்றேன். பக்கத்தில் ஹேட்லி நின்றாள்.

"வந்துட்டியாடி செல்லம்?" என்று விட்னி அவளுடைய ஈரத் தலையைத் துவட்டிவிட்டாள். பிறகு என்னைக் காட்டிக் கேட்டாள்.

"இது யாருடி, புதுசா?"